இயந்திரத்தின் ஞாபகமும் மெமரி கார்டும்

நம் சங்க அன்பர்களில் கணிசமானோர் தொழிற்பேட்டைகளை நம்பிப் பிழைப்பவர்கள். ஃபரிதாபாத், பூனா, ராஜ்கோட், ஜாம்ஷெட்பூர் என்று எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு பட்டறையில் லேத் பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பிள்ளையைப் பார்க்கலாம். சிலர் பத்து, பதினைந்து வருஷம் சம்பளத்துக்கு உழைத்துத் தொழில் கற்றபின், சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு சி.என்.சி. லேத் வாங்கி, சொந்தமாக ஜாப் ஒர்க் செய்கிறார்கள். அந்த ஒரு இயந்திரம் ஓடினால்தான் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் நடக்கும்.

இப்படிப்பட்டவர்கள் இயந்திரத்துக்கு வேளாவேளைக்கு எண்ணெய் விடுகிறார்கள். கூலன்ட் மாற்றுகிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது, அதைத் தாங்கி நிற்பது சிறியதொரு பேட்டரி, அது தீர்ந்து போனால் பல லட்ச ரூபாய் இயந்திரம் வெறும் இரும்பாக நிற்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஞாபகத்தை ஒரு மெமரி கார்டில் பிரதி எடுத்து வைக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். அதைச் செய்வது எப்படி, பிறகு திரும்ப ஏற்றுவது எப்படி, எதில் கவனம் வேண்டும் என்பவற்றைப் பாடமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கன்ட்ரோலர்கள் பல கம்பெனிகளில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் சொன்னால் குழப்பமே மிஞ்சும். ஆகவே, சிறிய பட்டறைகளிலும் பரவலாகக் காணப்படும் ஜப்பானிய ஃபானக் கன்ட்ரோலரை, அதிலும் பழைய இயந்திரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 0ஐ-பி, 0ஐ-சி வரிசைகளை எடுத்துக்கொள்கிறேன். வேறு கம்பெனி கன்ட்ரோலர் வைத்திருப்போருக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் சில எச்சரிக்கைகள் உண்டு.

இரண்டு வகை நினைவு

ஃபானக் கன்ட்ரோலருக்குள் இரண்டு வகை நினைவுகள் இருக்கின்றன.

முதலாவது எஃப்.ரோம். இதில் எழுதியது மின்சாரம் இல்லாமலே நிற்கும். ஃபானக் கம்பெனியின் சிஸ்டம் சாஃப்ட்வேரும், இயந்திரம் செய்தவர் எழுதிய லேடர் புரோகிராமும் இதில் இருக்கும். எந்த ஸ்விட்சை அழுத்தினால் சக் மூட வேண்டும், கதவு திறந்திருந்தால் ஸ்பிண்டில் சுற்றலாமா கூடாதா என்பவற்றை முடிவு செய்வது இந்த லேடர்தான்.

இரண்டாவது எஸ்.ரேம். இதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். இயந்திரம் ஓடும்போது அது மெயின் சப்ளையிலிருந்து கிடைக்கிறது. மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்கிறது. எஸ்.ரேமில் இருப்பவை: கன்ட்ரோலரின் பாராமீட்டர்கள், டைமர், கவுன்ட்டர் போன்ற பி.எம்.சி. அமைப்புகள், டூல் ஆஃப்செட்டுகள், ஜி54 முதலான ஒர்க் ஆஃப்செட்டுகள், மேக்ரோ மதிப்புகள், ஸ்க்ரூவின் பிட்ச் பிழைத் திருத்த அட்டவணை, நீங்கள் எழுதிச் சேர்த்த பார்ட் புரோகிராம்கள்.

பாராமீட்டர் என்றால் என்ன என்பதற்குச் சில உதாரணங்கள் பார்ப்போம். 1420 என்ற எண்ணில், ஒவ்வொரு அச்சும் எவ்வளவு வேகத்தில் விரைந்து நகரலாம் என்பது இருக்கும். 1320, 1321 இரண்டிலும், இதைத் தாண்டிப் போகாதே என்ற எல்லைகள் இருக்கும். 1851-ல் பேக்லாஷ் திருத்தம் இருக்கும். அதாவது பால் ஸ்க்ரூ திசை மாறும்போது விடுபடும் இடைவெளி எத்தனை மைக்ரான் என்ற கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் செய்த இரண்டு லேத்துகளுக்குக்கூட 1851-ல் உள்ள எண் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியே அளந்து எழுதிய எண் அது. மூன்று வருஷம் ஓடி, ஸ்க்ரூ தேய்ந்து, மெக்கானிக் வந்து அளந்து மாற்றி எழுதியிருந்தால், அந்தப் புதிய எண் உலகத்தில் வேறெங்கும் இராது. உங்கள் இயந்திரத்தின் எஸ்.ரேமில் மட்டும்தான் இருக்கும். இயந்திரம் விற்ற கம்பெனியிடம் இருப்பதெல்லாம் அனுப்பி வைத்த நாளின் கணக்கு. ஆகவே, உங்கள் இயந்திரத்தின் பிரதியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

பேட்டரி தீரும்போது

பேட்டரி தளர்ந்தால் கன்ட்ரோலர் முன்னறிவிப்புத் தருகிறது. திரையில் 'பேட்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் மின்னத் தொடங்கும். அது தோன்றியபின் ஓரிரு வாரத்துக்குள் பேட்டரியை மாற்றிவிட வேண்டும். அதையும் பொறுத்திருந்து பார்க்க வேண்டாம், எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள் என்பது ஃபானக் கம்பெனியின் ஆலோசனை. முற்றிலும் தீர்ந்துவிட்டால், அடுத்த முறை ஸ்விட்ச் போடும்போது எஸ்.ரேம் பழுது என்று சிஸ்டம் அலாரம் வந்து நிற்கும். அதன்பிறகு நினைவை முழுக்கத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவதே வழி.

நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு பணிமனையில் இதை நேரில் கண்டேன். இயந்திரம் பல வாரம் மின்சாரமின்றிக் கிடந்தது. திரும்ப ஓட்ட வந்தபோது ஞாபகம் முழுவதும் போயிருந்தது. நல்ல வேளையாக, இயந்திரம் வந்தபோது கொடுத்த பாராமீட்டர் அச்சுத்தாள் கட்டாக பானலின் கதவுப் பையில் இருந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் விசையில் தட்ட, மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் இயந்திரம் ஓடியது, ஆனால் வேலை அளவுக்கு வரவில்லை. தாளில் இருந்தது தொழிற்சாலை அனுப்பிய நாளின் எண்கள். இடையில் பழுது பார்த்து மாற்றிய எண்களை யாரும் அந்தத் தாளில் குறிக்கவில்லை. அளந்து அளந்து அவற்றை மறுபடி கண்டுபிடிக்க மேலும் ஒரு வாரம் போயிற்று. பெரிய பணிமனைக்கு வேறு இயந்திரங்கள் உண்டு, மாதச் சம்பளம் நிற்காது. ஒரே இயந்திரத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்குப் பத்து நாள் என்பது எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதுதான் பேட்டரி செலவாகிறது. தினம் இரண்டு ஷிஃப்ட் ஓடும் இயந்திரத்தைவிட, பூட்டிக் கிடக்கும் இயந்திரத்துக்கே ஆபத்து அதிகம். 2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து பட்டறைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏலத்தில் பழைய இயந்திரம் வாங்குகிறவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கோடவுனில் மாதக்கணக்கில் கிடந்த இயந்திரமானால், ஸ்விட்ச் போட்டுத் திரையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். திரை நன்றாக வந்தால், வண்டியில் ஏற்றுமுன்பே அங்கேயே பிரதி எடுத்துவிடுங்கள்.

காகித நாடாவிலிருந்து கார்டு வரை

முன்பெல்லாம் எண்கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்குப் புரோகிராம் காகித நாடாவில் வந்தது. எட்டு வரிசைத் துளைகள் போட்ட அந்த நாடாவில் எண்ணெய்க் கை பட்டாலோ, ஓரம் கிழிந்தாலோ அவ்வளவுதான். அதன்பின் ஆர்.எஸ்.232 கேபிள் வந்தது. கம்ப்யூட்டரைப் பக்கத்தில் கொண்டு வந்து, இரண்டு பக்கமும் வேகம், பாரிட்டி எல்லாம் பொருந்தும்படி அமைத்து அனுப்ப வேண்டும். கேபிளில் ஓர் இணைப்பு தவறினாலும் நடக்காது.

0ஐ வரிசையில் திரையின் இடப்பக்கம் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் பி.சி.எம்.சி.ஐ.ஏ. எனப்படும் கார்டு செருகும் இடம் தெரியும். முன்பு கேமராக்களில் பயன்பட்ட சி.எஃப். கார்டை ஓர் அடாப்டரில் பொருத்தி இதில் செருகலாம். பெரிய கொள்ளளவு தேவையே இல்லை. எஸ்.ரேம் முழுவதுமே ஒருசில எம்.பி.க்குள் அடங்கிவிடும். 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளைப் பழைய கன்ட்ரோலர் ஏற்காமல் போகலாம் என்பதால், சிறியதாக வாங்குவதே நல்லது. 0ஐ-எஃப் போன்ற பிற்கால வரிசைகளில் யு.எஸ்.பி. வசதியும் உண்டு.

பிரதி எடுக்கும் முறை

1. வேலைப்பொருளைக் கழற்றிவிட்டு, அச்சுகளை ஹோம் நிலைக்குக் கொண்டு போய், இயந்திரத்தை அணைக்கவும். கார்டைச் செருகவும். முள் போன்ற ஊசிகள் உள்ளே இருப்பதால் நேராகச் செருக வேண்டும். போகவில்லை என்றால் திருப்பிப் பார்க்கவும், அழுத்தித் தள்ள வேண்டாம்.

2. திரைக்குக் கீழே ஒரு வரிசை சாஃப்ட் கீ இருக்கும். அவற்றுள் வலது ஓரத்தில் உள்ள இரண்டையும் ஒருசேர அழுத்திப் பிடித்துக்கொண்டு கன்ட்ரோலுக்கு மின்சாரம் கொடுக்கவும். மெனு தோன்றும்வரை விரலை எடுக்கக் கூடாது.

3. 'சிஸ்டம் மானிட்டர்' என்ற தலைப்புடன் ஒரு மெனு வரும். இது பூட் திரை. இந்த நேரத்தில் இயந்திரம் வழக்கமான இயக்கத்தில் இராது, அச்சுகள் நகரா. மேலே, கீழே, செலக்ட், யெஸ், நோ என்பவை சாஃப்ட் கீகளில் இருக்கும். மெனுவின் வரிசை எண்கள் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும். ஆகையால் 'ஐந்தாவதை அழுத்து' என்று மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லைப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

4. 'எஸ்.ரேம் டேட்டா பேக்கப்' என்ற வரியைத் தேர்ந்தெடுக்கவும். சில வரிசைகளில் 'எஸ்.ரேம் டேட்டா யுடிலிட்டி' என்று இருக்கும். உள்ளே போனால் இரண்டு வரிகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று 'எஸ்.ரேம் பேக்கப்'. பக்கத்தில் சி.என்.சி.யிலிருந்து மெமரி கார்டை நோக்கி அம்புக்குறி இருக்கும். மற்றது 'ரீஸ்டோர் எஸ்.ரேம்'. அதில் அம்புக்குறி கார்டிலிருந்து சி.என்.சி.யை நோக்கி இருக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: யெஸ் விசையைத் தொடுமுன் அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். பிரதி எடுக்கப் போய், ஒரு வரி தள்ளிக் கை பட்டு, கார்டில் கிடந்த பழைய கணக்கைப் புதிய கணக்கின் மேல் ஏற்றிவிட்டால், இருந்ததும் போய்விடும்.

5. செலக்ட், பிறகு யெஸ். 'கம்ப்ளீட்' என்ற செய்தி வந்ததும் மறுபடி செலக்ட் அழுத்தி மெனுவுக்குத் திரும்பவும். அதுவரை கார்டையும் மின்சாரத்தையும் தொடக் கூடாது.

6. அடுத்து 'சிஸ்டம் டேட்டா சேவ்' என்ற வரிக்குப் போகவும். பட்டியலில் பி.எம்.சி. என்று தொடங்கும் ஃபைல் இருக்கும். அதுதான் லேடர். பேட்டரி தீர்ந்தால் லேடர் அழியாது என்றாலும், மதர்போர்டு பழுதாகிப் புதிது மாற்றும் நாளில் அது தேவைப்படும். அதையும் கார்டுக்கு எடுத்துக்கொள்ளவும். ஃபானக் கம்பெனியின் சொந்தச் சாஃப்ட்வேர் பூட்டப்பட்டிருக்கும். அதை நாம் பிரதி எடுக்க இயலாது, தேவையும் இல்லை.

7. 'எண்ட்' கொடுத்து வெளியேறினால் இயந்திரம் வழக்கம்போல் துவங்கும்.

'சிஸ்டம் டேட்டா டிலீட்' என்ற வரியின் பக்கமே போக வேண்டாம். 'மெமரி கார்டு ஃபார்மட்' என்பது வெற்றுக் கார்டுக்கு மட்டும்.

எல்லா இயந்திரத்துக்கும் ஒரே பெயர்

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எஸ்.ரேம் என்று தொடங்கி எஃப்.டி.பி. என்று முடியும் ஃபைல் ஒன்றோ இரண்டோ இருக்கும். நடுவில் உள்ள எண் நினைவின் அளவைக் குறிப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அளவு நினைவுள்ள இரண்டு லேத்துகளுக்கும் ஒரே பெயரில்தான் ஃபைல் உருவாகும். கார்டில் பார்த்து, இது முதல் லேத்துடையதா இரண்டாவதுடையதா என்று சொல்ல முடியாது. ஒரே கார்டைக் கொண்டு இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தால், பின்னது முன்னதன் மேல் ஏறிவிடலாம்.

எனவே ஒரு லேத் முடிந்ததும் கார்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போய், அந்த லேத்துக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் போட்டு ஃபைல்களை வைக்கவும். ஃபைலின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம், திரும்ப ஏற்றும்போது கன்ட்ரோலர் அந்தப் பெயரைத்தான் தேடும். இயந்திரத்தின் சீரியல் எண், கன்ட்ரோலர் வரிசை, தேதி, யார் எடுத்தது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைக்கவும். பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வீட்டு பீரோவில் ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருக்கட்டும். பட்டறையில் தீப்பிடித்தால் இயந்திரமும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே போகும்.

படித்துப் பார்க்கக்கூடிய பிரதி

எஸ்.ரேம் ஃபைல் என்பது நினைவின் அச்சுப் படம். அதே வகைக் கன்ட்ரோலரில் முழுதாக ஏற்றலாமே தவிர, திறந்து படிக்க முடியாது. அதில் ஒரு பாராமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே எழுத்து வடிவிலும் ஒரு பிரதி எடுப்பது நல்லது.

இதற்குப் பூட் திரை வேண்டாம். இயந்திரம் வழக்கம்போல் இயங்கும்போதே, பாராமீட்டர் 20-ல் 4 என்று போட்டால் கார்டுதான் வாசல் என்று கன்ட்ரோலர் புரிந்துகொள்ளும். எடிட் நிலையில் வைத்து, பாராமீட்டர் பக்கத்துக்குப் போய், ஆபரேஷன் கீயைத் தொடர்ந்து 'பன்ச்' கொடுத்தால், பாராமீட்டர் எல்லாம் ஒரு எழுத்து ஃபைலாகக் கார்டில் இறங்கும். 'பன்ச்' என்ற சொல்லே காகித நாடாவில் துளை போட்ட காலத்தின் மிச்சம். இதேபோல் ஆஃப்செட், புரோகிராம், பிட்ச் பிழை அட்டவணை ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்திலிருந்து எடுக்கலாம்.

இதன் பெரிய பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது. ஜனவரியில் எடுத்ததையும் ஜூனில் எடுத்ததையும் கம்ப்யூட்டரில் அருகருகே வைத்தால், இடையில் எந்த எண் மாறியது என்று தெரியும். 'நேற்றுவரை நன்றாக ஓடியது, மெக்கானிக் வந்து போனபின் சரியில்லை' என்ற பேச்சு வரும்போது, வாக்குவாதமின்றி உண்மையைக் காட்டும் சாட்சி இது.

திரும்ப ஏற்றும்போது

ஏற்றுவது என்பது அழித்து எழுதுவது. அவசரப்படக் கூடாது.

முதலில் புதுப் பேட்டரி போடவும். தீர்ந்த பேட்டரியோடு ஏற்றினால், இரவு அணைத்ததும் மறுபடி போய்விடும். லித்தியம் பேட்டரியை மாற்றும் முறை: கன்ட்ரோலை அரை நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டும். முப்பது நிமிஷத்துக்குள் முடித்துவிட்டால், உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் நினைவைத் தாங்கிக்கொள்ளும். சில இயந்திரங்களில் லித்தியத்துக்குப் பதில் டார்ச் லைட்டில் போடும் பெரிய ஆல்கலைன் செல்கள் இரண்டு தனிப் பெட்டியில் இருக்கும். அவற்றை மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும். அப்போது பானலுக்குள் உயர் மின்னழுத்தம் இருக்கும் என்பதால், பயிற்சி உள்ளவரே கதவைத் திறக்கலாம்.

இரண்டாவதாக, எஸ்.ரேமில் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும். ஓர் எண் மட்டும் கெட்டிருந்தால் எழுத்துப் பிரதியைப் பார்த்து அந்த எண்ணை மட்டும் திருத்தினால் போதும். முழுக்க ஏற்றத்தான் வேண்டும் என்றால், இப்போதுள்ள நிலையை வேறொரு கார்டில் எடுத்து வைத்துவிட்டு ஏற்றவும்.

மூன்றாவதாக, எந்தத் தேதியின் பிரதி என்று பார்க்கவும். ஆறு மாதத்துக்கு முந்தியதை ஏற்றினால், ஆறு மாதத்துக்கு முந்திய டூல் ஆஃப்செட்டுகளும் சேர்ந்து வரும். டர்ரெட்டில் இன்று இருப்பது வேறு டூல். கன்ட்ரோலர் பழைய நீளத்தை நம்பிப் பாய்ந்தால், டூல் நேராகச் சக்கில் போய் முட்டும்.

ஏற்றி முடித்ததும் அணைத்து மீண்டும் துவக்கவும். ஹோம் நிலையும் எல்லைகளும் சரியா என்று கையால் மெதுவாக நகர்த்திப் பார்க்கவும். ஒவ்வொரு டூலையும் புதிதாகத் தொட்டு ஆஃப்செட் எடுக்கவும். முதல் புரோகிராமைப் பொருள் வைக்காமல், ரேப்பிட் வேகத்தை மிகக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டவும். சிவப்பு எமர்ஜென்சி பட்டனிலிருந்து கையை எடுக்க வேண்டாம்.

கார்டில் அடங்காதவை

அச்சு மோட்டார்களில் அப்சல்யூட் என்கோடர் இருந்தால், ஹோம் எங்கே என்ற கணக்கைத் தாங்குவதற்கென்றே சர்வோ ஆம்ப்ளிஃபயர் பக்கம் வேறொரு பேட்டரி இருக்கும், 6 வோல்ட். இது எஸ்.ரேம் பேட்டரியினின்றும் வேறு. 307, 308 என்ற அலாரங்கள் இது தளர்வதைச் சொல்கின்றன. இதைக் கண்டிப்பாக மின்சாரம் ஓடும்போதுதான் மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் ஹோம் கணக்கு போய் 300 அலாரம் வரும். எந்தக் கார்டிலும் அந்தக் கணக்கு இல்லை. இயந்திரத்தைக் குறியிட்ட இடத்துக்கு நகர்த்தி, ஹோமை மறுபடி நிர்ணயிக்க வேண்டும். ஆகவே இயந்திரம் நன்றாக இருக்கும்போதே, ஹோம் நிலையில் ஒவ்வொரு அச்சுக்கும் நிலையான பாகத்திலும் நகரும் பாகத்திலும் நேருக்கு நேர் மெல்லிய கோடு ஒன்று கீறி வைப்பது பிற்பாடு கைகொடுக்கும்.

எந்த ஜாபுக்கு எந்த ஜா, எவ்வளவு சக் பிரஷர், எந்த இன்சர்ட் என்பவையும் கார்டில் இரா. அவை உங்கள் தலையில் இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

எல்லாக் கார்டும் ஒன்றல்ல

ஃபானக்கில் கார்டு என்பது பிரதி மட்டுமே. எடுத்த பிறகு கழற்றி வைத்துவிடலாம். பி.எல்.சி. என்னும் புரோகிராம் கன்ட்ரோலர்களில் இப்படி நினைத்துவிடக் கூடாது.

சீமென்ஸ் எஸ்7-300 வகையில், மைக்ரோ மெமரி கார்டு பயன்படுத்தும் சி.பி.யு.க்களுக்கு அந்தக் கார்டே புரோகிராமின் இருப்பிடம். கார்டு இல்லாமல் சி.பி.யு. ஓடாது. அது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் உருவினால் கார்டே கெட்டுப்போகும். மின்சாரத்தை அணைத்தபிறகே கழற்ற வேண்டும்.

எஸ்7-1200 வகையில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. அதற்குக் கார்டு கட்டாயமில்லை, உள்நினைவிலேயே புரோகிராம் இருக்கும். 'ஒரு பிரதி எடுப்போமே' என்று வெற்றுக் கார்டைச் செருகி மின்சாரத்தை அணைத்துப் போட்டால், சி.பி.யு. தன் உள்ளே இருக்கும் புரோகிராமைக் கார்டுக்கு மாற்றிவிட்டு, உள்நினைவில் இருப்பதை அழித்துவிடும். பிரதி கிடைத்தது என்று கார்டைக் கழற்றிக்கொண்டு போனால், இயந்திரத்தில் ஒன்றும் இராது. பயப்பட வேண்டாம், கார்டைத் திரும்ப வைத்தால் ஓடும். ஆனால் அந்தக் கார்டைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அறியாத கன்ட்ரோலரில் கார்டைச் செருகுமுன் அதன் புத்தகத்தைப் படிப்பது நல்லது.

ஊருக்குப் புறப்படுமுன்

கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் நாம் ஊருக்குப் போகிறோம். கேஸ் சிலிண்டரை மூடுகிறோம், தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கிறோம். பட்டறை வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலில் கீழ்க்கண்டவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

• எஸ்.ரேம் பேட்டரி மாற்றி ஒரு வருஷம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் பிரதி எடுத்துவிட்டுப் பேட்டரியை மாற்றவும். மாற்றிய தேதியைப் பானல் கதவின் உட்புறம் எழுதவும்.

• என்கோடர் பேட்டரிக்கும் இதே கேள்வி.

• கடைசிப் பிரதி எடுத்தபின் ஸ்க்ரூ பழுது, பேக்லாஷ் திருத்தம், புதிய ஜாப் ஏதாவது உண்டா? இருந்தால் மறுபடி எடுக்கவும்.

• கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலின் அளவு பூஜ்யமாக இல்லாமல், முந்தைய பிரதியின் அளவோடு ஒத்திருக்கிறதா?

• வீட்டுப் பிரதி எங்கே இருக்கிறது என்பது உங்களைத் தவிர இன்னொருவருக்குத் தெரியுமா?

கடைசிக் கேள்விதான் பல வீடுகளில் விடுபட்டுப் போகிறது. பட்டறை நடத்துபவர் ஊரில் இருக்கும்போதோ, உடல்நலமின்றிப் படுத்திருக்கும்போதோ இயந்திரம் நின்றால், மனைவியோ மகனோ உதவியாளரோ எடுத்துக் கொடுக்கும்படி இருக்க வேண்டும். கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் மனைவிமார் பலர், கார்டையும் சீட்டையும் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பார்கள். அவர்களிடம் ஒப்படைப்பது பத்திரம்.

இந்த முறைகளை முதல் தடவை செய்பவர்கள், தங்கள் இயந்திரத்தோடு வந்த பராமரிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செய்யவும். சந்தேகம் உள்ள அன்பர்கள் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கன்ட்ரோலரின் வரிசைப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தால், உட்கார்ந்து பேசலாம்.